தண்ணீரை நிறுத்தாத ராமாயி அக்கா

செய்தி வந்தபோது நான் கண்டி வாவிக்கரையோரத்து விடுதி ஒன்றின் மண்டபத்தில், கையில் சிற்றுண்டித் தட்டுடன் நின்றுகொண்டிருந்தேன். நிலைபேறான அபிவிருத்தியில் சமூகத்தின் பங்கு பற்றிய ஒரு பட்டறை. நான் ஓய்வுபெற்றுப் பல காலமாகியும் இப்படியான இடங்களுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். முன்வரிசையில் நரைத்த தலை ஒன்று இருந்தால் படத்துக்கு எடுப்பாக இருக்கும் போல. கைப்பேசியில் விஜயாவின் பெயர் தெரிந்தது. ராமாயி அக்காவின் மகள். "மிஸ், அம்மா போயிட்டாங்க. வெடியக்காலம்" என்றாள். "ஓம் பிள்ளை, இப்பவே வாறன்" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பக்கத்துக் கதிரையில் வைத்தேன். மண்டபத்துக்குள் யாரோ ஒலிவாங்கியில் அடிமட்ட மக்கள், அடிமட்ட மக்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் யாரிடமும் விடைபெறாமல் பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

இதை வாசிப்பவர்களில் பலருக்கு அவரைத் தெரியும். சிலர் அவரிடம் வாய்நிறைய ஏச்சும் வாங்கியிருப்பீர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கண்டிக்கு அருகே தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அந்தத் தோட்டத்தின் மாதர் தலைவி. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கும் அதற்குக் கீழேயிருக்கும் சிங்களக் கிராமத்துக்கும் ஒரே ஊற்றிலிருந்து குடிதண்ணீர் கொடுக்கும் குழுவின் தலைவியாக, கலவரத்திலும் யுத்தத்திலும் அதற்குப் பிறகும் இருந்தவர். அவர் பணிவானவர், அமைதியானவர் என்று யாராவது இரங்கல் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அவர் சண்டைக்காரி. அந்தச் சண்டை முழுவதும் ஒரே விஷயத்துக்காகத்தான்: இந்த மலையில் தன் ஆட்கள் இருப்பதும், இங்கே தண்ணீர் குடிப்பதும் யாரும் போட்ட பிச்சை அல்ல.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டியில் ஒரு சமூக சேவை நிலையத்தில் வேலைக்கு வந்தவள். தமிழருக்கு எதிரான எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு, தோட்டங்களில் ஏதாவது செய்ய வேண்டும் என்று நிலையம் முடிவெடுத்து என்னை அனுப்பியது. முதல் நாள் லயத்து வாசலில் நின்று, "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டேன். ராமாயி அக்கா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாம் வேணும் மிஸ். நீங்க என்னா என்னா வச்சிருக்கீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் எந்த லயத்திலும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

தேவைப்பட்டது தண்ணீர். லயத்துக்கு மேலே மலையில் நல்ல ஊற்று இருந்தது. ஆனால் லயத்துப் பெண்கள் பள்ளத்து ஓடையில் அள்ளினார்கள். கீழே கிராமத்திலும் கோடையில் கிணறுகள் வற்றின. தோட்டத்து ஆட்கள் கிராமத்தை 'நாடு' என்றுதான் சொல்வார்கள். லயம் நாட்டில் சேராதது என்பதுபோல. அரசாங்கமும் அப்படித்தான் நினைத்தது. அப்போது அவர்களில் பெரும்பாலானோருக்குப் பிரஜாவுரிமை இல்லை, வாக்கு இல்லை. கிராம சேவகரிடம் போனால், அவர்கள் என் பிரிவில் இல்லை என்பார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் போனால், குடிதண்ணீர் என் வேலை இல்லை என்பார். இரண்டு பேருக்கும் இடையில் அந்த ஊற்று சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு பக்கத்தாரும் ஒன்றாக உட்கார்ந்த முதல் கூட்டம் கிராமத்துப் பாடசாலையில் நடந்தது. குழாய் புதைக்கும் பள்ளமான கானை வெட்டுவதில் பேச்சு முட்டிக்கொண்டது. மற்றவர்கள் ஒழுங்காக வெட்டமாட்டார்கள் என்று இரண்டு பக்கமும் சொன்னது. அப்போது ராமாயி அக்கா எழுந்தார். "அப்ப மாத்தி வெட்டுவோம். லயத்துக்கு வர்ற கான நாட்டாளுங்க வெட்டட்டும். நாட்டுக்குப் போற கான நாங்க வெட்டுறோம். நாங்க கோளாறா வெட்டினா ஒங்களுக்குத் தண்ணி இல்ல. நீங்க கோளாறா வெட்டினா எங்களுக்கு இல்ல. பாப்போம் யாருக்கு மானம் இருக்குன்னு." கிராமத்துக் குழுவில் இருந்த குசுமாவதி இதைச் சிங்களத்தில் சொன்னபோது கூட்டம் முதலில் முணுமுணுத்து, பிறகு சிரித்தது. அப்படியே வெட்டினார்கள். சும்மா சொல்லக்கூடாது, இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு ஆழமாகவே வெட்டியிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு பலகையின் கதையையும் சொல்ல வேண்டும். தண்ணீர்த் தொட்டி கட்டி முடிந்ததும் எங்கள் நிலையம் தன் பெயரைப் பெரிதாக எழுதிய பலகை ஒன்றைக் கண்டியிலிருந்து அனுப்பியது. அடுத்த முறை நான் போனபோது தொட்டியில் பலகை இல்லை. ராமாயி அக்காவின் கோழிக்கூட்டுக்குக் கூரையாகி இருந்தது. "நல்ல பலகை மிஸ், மழைக்கு ஒழுகவே மாட்டேங்குது. ஒங்க பெரியவருகிட்ட சொல்லுங்க, கோழியெல்லாம் கும்பிட்டிச்சின்னு" என்றார். நான் நிலையத்தில் சொல்லவில்லை. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்ததுதான் மிச்சம்.

பிறகு எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வந்தது. காடையர்கள் வெளியிடத்திலிருந்து லொறிகளில் வந்தார்கள். பட்டப்பகலில் கீழ் லயத்துக்குத் தீ வைத்தார்கள். சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடியது. போகிற போக்கில் லயத்துக்கு வரும் குழாயையும் வெட்டிவிட்டுப் போனார்கள். அது மண்ணுக்கு அடியில் இருந்த குழாய். மேலே புல் முளைத்து மூடிவிட்டது. எந்த இடத்தில் பொருத்து இருக்கிறது என்பது, கான் வெட்டியவர்களுக்குத்தான் தெரியும். லயத்துக் கானை வெட்டியவர்கள் கிராமத்து ஆட்கள். இடத்தைக் காட்டிக் கொடுத்தவன் குசுமாவதியின் சொந்தத் தம்பி.

தெல்தோட்டைப் பாடசாலை ஒன்றில் அகதிகளாக இருந்தபோது இதைச் சொல்லிக்காட்டாதவர்கள் இல்லை. "மாத்தி வெட்டுவோம்னியே, நல்லா வெட்டினாங்களா?" என்று அக்காவின் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அவருடைய கணவரே கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இந்த மனுஷியை முறித்துவிட்டார்களே என்று நினைத்தேன்.

எங்கள் நிலையம் வடக்கே வவுனியாவுக்கு லொறிகளை ஒழுங்கு செய்தது. அங்கே காடு வெட்டிக் குடியேறலாம், தமிழ்ச் சனத்தோடு இருக்கலாம் என்று சொன்னோம். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னோம். பல குடும்பங்கள் ஏறின. ராமாயி அக்கா ஒவ்வொரு லொறியாகப் போய், ஏறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார். "போறவங்க தலைகுனிஞ்சு போகாதீங்க. ஒங்க இஷ்டம் அது. ஆனா ஒண்ணு, இங்கன ஒங்க ஆளுங்க இருக்காங்கன்னு நெனச்சுப் போங்க" என்றார். நான், "அக்கா, நீங்களும் ஏறுங்கோ. அவங்கள் திரும்பவும் வந்தால் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் சுடுகிறது. "எங்க அப்பாவப் பொதைச்சது இங்கன. எங்க ஆத்தாவப் பொதைச்சது இங்கன. இந்த மலையில இருக்கிற தேயிலைய வச்சது யாரு மிஸ்? நெருப்பு வச்சவன் வீட்டுல இருக்கான். நான் ஏன் லொறியில ஏறணும்?"

மிஞ்சியவர்களைக் கூட்டிக்கொண்டு அவர் தோட்டத்துக்கு நடந்தார். நானும் போனேன். துரை பங்களா வாசலுக்கு வந்து, உங்கள் பாதுகாப்புக்கு என்னால் பொறுப்பேற்க முடியாது என்றார். அக்கா சொன்னார்: "பாதுகாப்பு ஒங்ககிட்ட கேக்கல தொரை. நாளைக்குப் பெரட்டு எத்தனை மணிக்குன்னு கேக்கத்தான் வந்தேன்." பெரட்டு என்பது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். துரை வழக்கமான நேரம்தான் என்று சொல்லி உள்ளே போனார்.

எரியாத மேல் லயத்தில் எல்லாரும் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். லயத்துக்குத் தண்ணீர் இல்லை. கிராமத்துக்குப் போகும் குழாயில் மட்டும் தண்ணீர் குறைவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இளைஞர்கள் தொட்டியை உடைக்க அலவாங்கைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். நமக்கு இல்லாத தண்ணீர் அவனுக்கு என்னத்துக்கு என்பது அவர்களுடைய நியாயம். அதில் என்ன பிழை என்று எனக்கும் அப்போது தோன்றியது. ராமாயி அக்கா தொட்டிக்கு முன்னால் போய்க் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

"ஒடைக்கிறதுன்னா என் கால ஒடச்சிட்டு ஒடைங்க" என்றார்.

"அவனுங்களுக்காகவா பேசுற?" என்று ஒருவன் கத்தினான்.

"அவனுங்களுக்காகப் பேச எனக்கு என்னா வேண்டுதலா? தண்ணிய நிறுத்தினா அவனும் நம்மளும் சரிக்குச் சரி. அவன் நிம்மதியாயிருவான். நிறுத்தாம விட்டுப்பாரு. நாம வச்ச தண்ணிய நம்ம குடிக்கவிடாம அவன் குடிக்கணும். குடிக்கிற ஒவ்வொரு நாளும் வெக்கப்படணும். நாளைக்கு நான் குடத்த எடுத்துக்கிட்டு நாட்டுப் பீலிக்குப் போறேன். வர்றவ வரலாம்."

பீலி என்றால் தண்ணீர் பிடிக்கும் இடம். கிராமத்துப் பீலி கடைத்தெருவின் நடுவில் இருந்தது. லயத்துக்குத் தீ வைத்த புகை மணம் இன்னும் போகாத நேரத்தில், அதே கிராமத்தின் நடுவில் போய்த் தண்ணீர் பிடிப்பது என்றால் என்ன என்பதை அந்த நாட்களில் இருந்தவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மறுநாள் விடிந்ததும் பெண்கள் குடத்தோடு வரிசையாக இறங்கினார்கள். ஆண்கள் வரக்கூடாது என்பது அக்காவின் கட்டளை. நான் கடைசியில் நடந்தேன். தமிழச்சி என்று தெரியாதிருக்கப் பொட்டை அழித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அக்கா திரும்பிப் பார்த்து, "என்னா மிஸ், நெத்தி வெறிச்சுன்னு கெடக்கு?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். பக்கத்தில் வந்த பெண் தன் நெற்றியிலிருந்து கொஞ்சம் குங்குமத்தைத் தொட்டு எனக்கு வைத்தாள்.

கடையில் நின்ற ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் கல் எறியவில்லை. யாரும் வணக்கம் சொல்லவும் இல்லை. பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த நாளும் போனார்கள், அதற்கடுத்த நாளும் போனார்கள். ஒருநாள் போனபோது பீலியின் குழாய்த் தலையை யாரோ கழற்றிக்கொண்டு போய், வாயை மரக்கட்டையால் அடைத்திருந்தார்கள். கிராமமே அன்று தண்ணீர் இல்லாமல் இருக்கத் தயார், எங்களுக்குக் கிடைக்கக்கூடாது என்றால். திரும்பிப் போவோம் என்றார்கள் சிலர். ராமாயி அக்கா குடத்தைத் தெருவில் வைத்து அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். தெருவே அடைபட்டது. பால்காரனின் சைக்கிள்கூடப் போக வழியில்லை.

அக்கா குசுமாவதியின் வீட்டைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கூப்பிட்டார். "குசுமா நோனா! வத்துர ஓனே!" குசுமா அம்மா, தண்ணீர் வேண்டும் என்கிறார். கதவு திறக்கவில்லை. அவர் விடவில்லை. கெஞ்சுகிற குரல் இல்லை அது. கொடுத்து வைத்ததைக் கேட்கிற குரல். கடைசியில் கதவு திறந்தது. குசுமாவதி கையில் குழாய்த் தலையும் அதை முடுக்கும் சாவியுமாக வெளியே வந்தாள். அது அவள் வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறது. பின்னால் அவள் தம்பி வாசலில் நின்றான். அவள் யாரையும் பார்க்காமல் குனிந்து, மரக்கட்டையைப் பிடுங்கிக் குழாய்த் தலையைப் பொருத்தினாள். சீக்கிரம் பிடித்துக்கொண்டு போங்கள் ராமாயி என்று சிங்களத்தில் சொன்னாள்.

அக்கா தமிழிலேயே பதில் சொன்னார். "எதுக்குச் சீக்கிரம்? மெதுவாத்தான் புடிப்போம்."

மெதுவாகத்தான் பிடித்தார்கள். ஒவ்வொரு குடமாகக் கழுவி, ஆற அமர நிரப்பினார்கள். அந்தக் கடைத்தெரு முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. என் வாழ்க்கையில் நான் பார்த்த எந்த ஊர்வலத்திலும், எந்தப் போராட்டத்திலும் அன்று வந்த அந்தத் திமிர் எனக்கு வந்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிராமத்திலிருந்து மண்வெட்டியோடு ஆட்கள் ஏறி வந்தார்கள். எல்லாரும் அல்ல, சிலர்தான். குசுமாவதியின் தம்பியும் வந்தான். லயத்து ஆண்கள் உதவிக்குப் போனபோது அக்கா தடுத்தார். "வெட்டினவுங்க ஒட்டட்டும்" என்றார். வேலை முடிந்து லயத்துப் பீலியில் தண்ணீர் வந்தபோது, அவரே எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவன் மன்னிப்புக் கேட்கவில்லையே என்று நான் பிறகு கேட்டேன். "கேட்டு நான் என்னா செய்யிறது மிஸ்? அத அடுப்புல வச்சு ஒல கொதிக்க வைக்க முடியுமா? தண்ணி வருதுல்ல" என்றார். அவனை அவர் மன்னித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குழுக் கூட்டங்களில் அவனிடம் வேலை வாங்கினார் என்பது மட்டும் தெரியும்.

பிறகு யுத்தம் வந்து நீண்டது. அந்தக் காலத்தில் தமிழரான நாங்கள் பஸ்ஸில் தமிழில் பேசக்கூடப் பயந்தோம். கண்டிக்கு வரும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எங்கள் இருவரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அவருக்கு அட்டையே அப்போதுதான் கிடைத்திருந்தது. எங்கிருந்து வருகிறாய் என்று சிப்பாய் கேட்டான். தெல்தோட்டை என்றார். அதற்கு முன்னால் எங்கே இருந்தாய் என்று கேட்டான். "அதுக்கு முன்னாடியும் தெல்தோட்டதான்" என்றார். உன் அப்பா? "தெல்தோட்ட." தாத்தா? "தெல்தோட்ட. ஒங்க தாத்தா எங்க தம்பி?" நான் செத்தேன் என்று நினைத்தேன். மொழிபெயர்க்க வேண்டியவள் நான்தான். கடைசிக் கேள்வியை விழுங்கிவிட்டேன். அவரைப் போகச் சொன்னார்கள், என்னை நிறுத்தி வைத்தார்கள். அவர் போகவில்லை. என்னை விடும்வரை வெயிலில் பக்கத்திலேயே நின்று, மகளின் கல்யாணப் பேச்சை உரத்த தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவரே ஏசுவார். கூட்டத்தில் அடுத்தவரைப் பேச விடமாட்டார். ஆண்கள் சொன்னால் நல்ல யோசனையையும் ஒருமுறை தட்டிவிட்டுத்தான் ஏற்பார். என்னோடு ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார். எங்கள் ஆண்டறிக்கையில் அவருடைய படத்தைப் போட்டு, கீழே 'பயனாளி' என்று எழுதியிருந்தோம். விஜயா அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். "நான் யாருகிட்ட என்னா பயன் வாங்கினேன்?" என்று கேட்டு அனுப்பினார். அந்தச் சொல்லை நான் பிறகு எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.

எங்கள் நிலையமே மூடப்பட்டுவிட்டது. எவ்வளவோ பணம் கொட்டிக் கட்டிய எத்தனையோ திட்டங்கள் இந்த மலைகளில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அந்த ஊற்றுத் தண்ணீர் மட்டும் ஓடுகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கனவான் இது எப்படி நிலைத்தது என்று அவரிடம் கேட்டார். "நாங்க போகல. அதனால அதுவும் போகல" என்றார். அபிவிருத்தியைப் பற்றி அதைவிடத் தெளிவாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது கண்டி ஆஸ்பத்திரியில். மூச்சு வாங்கியது. ஆனால் பேச்செல்லாம் ஊற்றைப் பற்றியே. உங்களுக்குத் தெரியும், ஊற்றிருக்கும் மலையை உல்லாச விடுதி ஒன்றுக்குக் குத்தகைக்குக் கொடுக்கப் போகிறார்கள். லயம் இருக்கும் காணிக்கு இத்தனை தலைமுறைக்குப் பிறகும் உறுதிப் பத்திரம் இல்லை. ஆனால் நேற்று வந்தவனுக்கு ஊற்றோடு மலையைக் கொடுக்க வழி இருக்கிறது. அளக்க நில அளவையாளர்கள் வருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். "நான் வரமுடியாம போனா நீங்க என்னா செய்வீங்க மிஸ்? அழுவீங்களா, போவீங்களா?" என்று கேட்டார். நான் அப்போது பதில் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கையை உதறிவிட்டார். "கையப் புடிச்சா பதிலா அது?"

நேற்று அடக்கத்தின்போது பேசியவர்கள் எல்லாரும், அன்னாரின் ஆத்மா சாந்தியடையட்டும் என்று சொல்லி முடித்தார்கள். நம் வழக்கம் அது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். லயத்துக் காணிக்கு உறுதி கிடைக்கும்வரை, அந்த ஊற்று லயத்துக்கும் நாட்டுக்கும் உரியது என்று எழுத்தில் வரும்வரை, ராமாயி அக்கா சாந்தியடைய வேண்டாம். அவர் அமைதியாக இருந்து எனக்குப் பழக்கமும் இல்லை. அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அந்த அடங்காமையைத்தான். மற்ற நல்ல குணங்களை நீங்கள் பிரித்துக்கொள்ளுங்கள்.

அளவையாளர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். குசுமாவதி வயது பாராமல் மலையேறி வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். விஜயா வருகிறாள். அக்கா, ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன்: நேற்று நன்றாக அழுதோம். திங்கட்கிழமை போகிறோம்.